வான் பாய்ந்ததால் வான் வரவில்லை

“நான் நேற்றுச் செழிப்பாகச் சாப்பிட்டேன்.”

தரம் 3-இல் ஒரு பிள்ளை எழுதிய வாக்கியம். பிழை அவளுடையதல்ல, என்னுடையது. ‘செழிப்பு – வளம்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். வளம் என்றால் என்ன என்று ஒருவன் கேட்டபோது, நிறைய இருப்பது என்றேன். அவள் நேற்று நிறையச் சாப்பிட்டிருக்கிறாள். நான் கொடுத்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதினாள்.

அன்றோடு சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

மறுநாள் வேலிக்கு அப்பால் இருந்த வயலுக்குக் கூட்டிச் சென்றேன். தை மாதம். வாய்க்காலை ஒட்டிய துண்டில் நெல் கரும்பச்சையாக நின்றது. மேட்டுத் துண்டில் மஞ்சள் பாய்ந்து கிடந்தது. “செழிப்பாக நிற்பது எது?” எல்லோரும் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். செழிப்பான மரம் என்று சொல்லலாமா? சொல்லலாம். செழிப்பான கல்? வரம்பு முழுக்கச் சிரிப்பு. செழிப்பாகச் சாப்பிடலாமா? எழுதியவள் கொஞ்ச நேரம் நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இல்லை ரீச்சர். சாப்பாடு வளராதே.”

அவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இப்போது கிழமைக்கு மூன்றே சொற்கள். திங்கட்கிழமை வரும் சொல் வெள்ளிக்கிழமைக்குள் கதையிலும் விளையாட்டிலும் கேள்வியிலும் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து, இப்போதிருந்தே நாளுக்குப் பத்து ஒத்தசொற்கள் கொடுங்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மனனம் செய்த பத்தைவிடப் பிள்ளை தன் வாயால் ஆளும் மூன்றுதான் எனக்குப் பெரிது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம் பெற்று வந்தவள். குளத்தைப் பற்றி இந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் சொற்கள் என்னிடம் இல்லை. தமிழ்நாட்டுக் கதை ஒன்றில் ‘மதகைத் திறந்தார்கள்’ என்று வாசித்தேன். “மதகை எப்படித் திறப்பது ரீச்சர்?” என்றான் ஒருவன். அவனுக்கு மதகு என்றால் வீதிக்குக் கீழே தண்ணீர் போகும், பின்னேரம் ஆட்கள் மேலே குந்தியிருக்கும் கட்டு. கதையில் திறந்தது துருசு, அதாவது குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் கதவு, என்று விளங்கப்படுத்தியதும் வகுப்பு முழுவதும் எனக்குத் துருசு பற்றிப் பாடம் நடத்தியது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளமும் அப்படித்தான். அந்தக் குளத்தின் வேலை 1902-இல் தொடங்கி 1920-இல் முடிந்தது என்று சொன்னபோது யாரும் அசையவில்லை. இரணை என்றால் என்ன என்று கேட்டதும், வகுப்பில் இருக்கும் இரட்டைச் சகோதரிகளை இருபது கைகள் சுட்டின.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் வராத சிறுவனிடம் காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். ‘வான் பாய்ந்ததால் வான் வரவில்லை.’

இரண்டாம் முறை வாசித்தபோதுதான் விளங்கியது. குளம் நிரம்பி மிகைநீர் வழியும் இடம் வான். அதற்குக் குறுக்கே போகும் பாதையில் தண்ணீர் பாய்ந்ததால் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் வரவில்லை. வாக்கியத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அதைக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பில் பாடிய பாட்டிலே வந்த வான் எங்கே என்று ஒருத்தி கேட்டாள். கூரைக்கு மேலே கையைக் காட்டினேன். அன்று முழு வகுப்பும் கொப்பியில் மூன்று வான்களையும் வரிசையாக வரைந்தது.

மணி அடித்த பிறகும் அந்தச் சிறுவன் போகவில்லை. மூன்றையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டு, நின்றபடியே எழுதித் தந்தான்:

‘வான் இருண்டது. வான் பாய்ந்தது. வான் வரவில்லை.’