பாய்சி ஆற்றில் மிதவைப் பயணம்: படகில் ஏறும் முன் முடிவாக வேண்டியவை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத் தலைநகரான பாய்சியில், கோடை முற்றியதும் ஊரே ஆற்றில் இறங்கிவிடும். நகரின் கிழக்கு ஓரத்திலுள்ள பார்பர் பூங்காவில் ரப்பர் படகையோ காற்றடைத்த வளையத்தையோ தண்ணீரில் இறக்கி, நீரோட்டம் கொண்டுசெல்லும் வழியில் மிதந்து, நகரின் நடுவிலுள்ள ஆன் மாரிசன் பூங்காவில் கரையேறுவார்கள். தூரம் சுமார் 6 மைல், அதாவது பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீரோட்டத்தையும் நம் சோம்பேறித்தனத்தையும் பொறுத்து இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். நினைவகச் சில்லுகள் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனத்தின் தலைமையகம் இங்கிருப்பதால் இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, அவர்களிடையே கோடை விருந்தினர்களை அழைத்துச் செல்லும் இடங்களில் இந்த ஆறும் ஒன்றாகிவிட்டது. திருவையாற்றிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் வந்திருந்த கோடையில், எங்கள் குடும்பமும் நண்பர் குடும்பமும் சேர்ந்து இரண்டு படகுகளில் போனோம். முதியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போவதால் திட்டமிடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வேலையைச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றியது இதுதான்: இந்தப் பயணத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி, எந்த நாளில் போகிறோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. துடுப்புப் போடும் திறமையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த நாள் என்பதை முடிவு செய்வது ஆற்றில் ஓடும் நீரின் அளவு. மேட்டூர் அணையின் நீர்வரத்தைத் தினமும் செய்தித்தாளில் படித்து வளர்ந்த நமக்கு, விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவிரியில் வரத்து கூடினால் ஒகேனக்கலில் பரிசல் இயக்கத் தடை விதிப்பது போலவே, பாய்சி ஆற்றிலும் ஓட்டம் விநாடிக்கு 1,500 கன அடிக்குக் கீழே இறங்கும்வரை மிதவைப் பருவத்தை அதிகாரிகள் தொடங்குவதில்லை. 1,500 கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 42,000 லிட்டர். சாடூத் மலைத்தொடரில் குளிர்காலம் முழுவதும் குவிந்த பனி வசந்தத்தில் உருகி வரும்போது ஆறு இதைப்போலப் பல மடங்கு ஓடும். வழக்கமாக ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தணியும். பனி மிகுந்த 2017ஆம் ஆண்டில் ஜூலை முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது. தீயணைப்புத் துறையினர் ஆற்றில் இறங்கிப் பார்த்து, வழியில் சாய்ந்து கிடக்கும் ஆபத்தான மரங்களை அகற்றிய பிறகே பருவம் தொடங்கியதாக அறிவிப்பு வரும். விமானச் சீட்டு வாங்கி வரும் விருந்தினர்களுக்காக ஜூன் நடுவில் நாள் குறித்துவிட்டு, ஆறு தணியாதபோதும் குறித்த நாளிலேயே போய்த் தீர வேண்டும் என்று நினைப்பதைவிட ஆபத்தான திட்டம் வேறில்லை. நாங்கள் ஜூலைக் கடைசியை ஒட்டி ஒரு வாரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, கிளென்வுட் பாலத்தருகே உள்ள அளவீட்டு நிலையத்தின் எண்களை இணையத்தில் அன்றாடம் பார்த்து வந்தோம். அணையிலிருந்து எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு பார்பர் பூங்காவுக்கு மேலேயே நியூயார்க் கால்வாயில் பாசனத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த விவரத்தைக் கேட்டதும் மாமனாருக்கு ஆற்றின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. 1915இல் முடிந்த ஆரோராக் அணையும், 1955இல் முடிந்த லக்கி பீக் அணையும் மேலே தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால்தான், மழையே இல்லாத ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் இந்த ஆறு ஒரே சீராக ஓடுகிறது. அவரைப் பொறுத்தவரை இது குறுவைக்குத் திறந்துவிடும் தண்ணீர். அதில் விளையாட்டாக மிதந்து போவதும், மிதப்பவர்களுக்காக ஓர் அரசு பேருந்து, கட்டணம், விதிமுறை எல்லாம் வைத்திருப்பதும் அவருக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் என்பதால் அது கடும் குளிர்ச்சி. வெளியே 38 டிகிரி வெயில் கொளுத்தும் நாளிலும் நீரின் வெப்பநிலை 13, 15 டிகிரி அளவிலேயே நிற்கும். வெப்பம் மிகுந்த உடல் அதில் திடீரென விழும்போது, மனிதன் தன்னை அறியாமல் பெரிதாக மூச்சை உள்ளே இழுக்கிறான்; அந்த நொடியில் தலை நீருக்கடியில் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். அதன் பிறகும் சில நிமிடங்களில் கைகால்கள் மரத்து, நீச்சலுக்கான வலு குறைந்துகொண்டே வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூடக் குளிர்நீரில் சிக்கிக்கொள்வது இதனால்தான். 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்தே தீர வேண்டும் என்பது இங்குள்ள விதி; பெரியவர்களுக்குப் படகில் ஆளுக்கொன்று இருந்தால் போதும் என்று சட்டம் விட்டுவிடுகிறது. எங்கள் குழுவில் அந்தச் சலுகையை நான் ஏற்கவில்லை.

"காவேரியில வெள்ளம் வந்தப்போ இக்கரையிலேருந்து அக்கரைக்கு நீந்தினவன் நான். எனக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்தச் சட்டை?" என்று மாமனார் கேட்டார். அவரோடு வாதிடுவது முறையும் இல்லை, பயனும் இல்லை. "ஒரு தடவை கையை மட்டும் தண்ணியில வெச்சுப் பாருங்க மாமா" என்றேன். படித்துறையில் உட்கார்ந்து முழங்கைவரை நனைத்தவர், சிறிது நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எழுந்து, தானே சட்டையை மாட்டிக்கொண்டு மாமியாரின் சட்டையின் வாரையும் இறுக்கிவிட்டார். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் சட்டை முகவாய்க்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் அது அளவில் பெரியது. பிள்ளைகளுக்கு வளரும் வயது என்று ஓர் அளவு கூட்டி வாங்கும் நம் வழக்கத்தை இதில் மட்டும் கைவிட வேண்டும்.

படகைப் பொறுத்தவரை, நீச்சல் குளத்துக்கென்று விற்கும் மெல்லிய மிதவைகள் இந்த ஆற்றுக்கு ஆகாது. ஆற்றுக் கற்களிலும் கிளைகளிலும் உரசினால் அவை கிழிந்துவிடும். பார்பர் பூங்காவிலேயே கனமான ரப்பர் படகுகளைத் துடுப்பும் உயிர்காப்புச் சட்டையும் சேர்த்து வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டோம், மற்றொன்று நண்பருடைய சொந்தப் படகு. ஆறு பேர் படகு என்று எழுதியிருந்தால் ஆறு பேரையும் ஏற்றத்தான் வேண்டும் என்பதில்லை. நான்கு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் அமர்ந்தால்தான் துடுப்புப் போட முழங்கைக்கு இடம் இருக்கும். சொந்தப் படகு கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெயிலில் கல்லாக இருக்கும்படி காற்றடித்த படகு, குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கித் தொய்ந்துவிடும்; ஆகவே தண்ணீரில் சிறிது நேரம் போட்டுவைத்து, மறுபடி காற்றை நிரப்பிய பிறகே ஆட்களை ஏற்ற வேண்டும். அதற்கு நேர்மாறாக, வழியில் கரையேறி ஓய்வெடுக்கும்போது நிரம்பிய படகை வெயிலில் காய விட்டால் தையல் பிரியும் அளவுக்கு உப்பும்.

இந்த ஆற்றில் உண்மையாகவே அஞ்ச வேண்டியது கரையோர மரங்களுக்கு. இங்கு இரு கரையிலும் பருத்திமரம் எனப்படும் நெடிய மரங்கள் அடர்ந்திருக்கின்றன. நீர் அரித்த கரையிலிருந்து சாயும் மரம் பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடக்கும். வடிகட்டி தேநீரை விட்டுத் தூளை மட்டும் பிடித்துக்கொள்வதைப் போல, அதன் கிளைகள் நீரைப் போகவிட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும். அமைதியாகத் தெரியும் ஓட்டம்கூட அந்த இடத்தில் ஆளை அழுத்தி வைத்துவிடும். எனவே வளைவு வருவதற்கு முன்பே துடுப்பை எடுத்து, வெளிவளைவின் பக்கம் இழுத்துச் செல்லும் நீரோட்டத்திலிருந்து விலகி ஆற்றின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு அரட்டையடித்தபடி போகும் கூட்டங்களை அங்கே நிறையப் பார்க்கலாம். ஒரு படகு மரத்தின் ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் போனால் கயிறு நடுவில் மாட்டி இரண்டையும் கவிழ்த்துவிடும் என்பதால், எங்கள் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியும் நாங்கள் கட்டவில்லை. தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும்; எழுந்து நிற்க முயலக் கூடாது, கற்களுக்கிடையே பாதம் மாட்டிக்கொண்டால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். இதை வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பழக்கினோம், மாமியாரும் சிரித்துக்கொண்டே ஒருமுறை படுத்துப் பார்த்தார்.

அவருடைய புடவை பற்றித்தான் நீண்ட பேச்சு நடந்தது. நனைந்த புடவை காலைச் சுற்றும், கிளையில் மாட்டும் என்று மகள் எடுத்துச் சொன்ன பிறகு சுடிதாருக்கு ஒத்துக்கொண்டார். தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொண்டு மற்ற நகைகளை வீட்டில் வைத்தார். ரப்பர் செருப்புகள் ஆற்றுக்குக் காணிக்கையாகிவிடும் என்பதால் எல்லோருக்கும் பின்னால் வார் உள்ள செருப்பு, மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு, நீர் புகாத பையில் மாமனாரின் சர்க்கரை மாத்திரையும் ஒரு கைபேசியும். ஆற்றில் கண்ணாடிப் பொருள்களுக்கும் மதுவுக்கும் தடை. தயிர் சாதத்துக்குத் துணையாக வந்த ஆவக்காய் ஊறுகாய் கண்ணாடிப் பாட்டிலில் இருந்ததால், அதைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சாப்பாட்டைப் பார்பர் பூங்காவின் மர நிழலிலேயே முடித்துவிட்டு, படகில் குடிநீர் மட்டும் வைத்துக்கொண்டது நல்ல முடிவு. குளிர்ந்த நீருக்கு மேல் மிதக்கும்போது தாகம் தெரியாது, ஆனால் இந்த ஊரின் வறண்ட வெயில் உடலிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும்.

காரை ஆன் மாரிசன் பூங்காவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேருந்தில் பார்பர் பூங்காவுக்குப் போவதே சிறந்த ஏற்பாடு. நனைந்து, களைத்து, குளிரில் நடுங்கும் பிள்ளையோடு கரையேறும்போது மாற்றுத் துணியும் காரும் அங்கேயே இருக்க வேண்டும். சனி, ஞாயிறு பிற்பகலில் ஆறு நெரிசலாகிவிடும். வார நாளில், முற்பகலிலேயே இறங்கினோம். முற்பகலைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறு மேற்கு நோக்கி ஓடுகிறது. மாலையில் வடமேற்குக் காற்று எழுந்தால் அது படகை எதிர்த்துத் தள்ளும், ஓய்வாக மிதக்க வந்தவர்கள் துடுப்புப் போட்டே களைத்துப் போவார்கள். ஆகஸ்டில் காட்டுத் தீயின் புகை பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவதும் இங்கு வழக்கமாதலால், ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றின் தரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலங்களின் வரிசையையும் எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்: கிழக்கு பார்க்சென்டர் பாலம், பிராட்வே, ஃபிரெண்ட்ஷிப் நடைபாலம், கேபிடல் புலிவார்டு. ஆபத்தில் 911ஐ அழைத்தால் எந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறோம் என்று சொல்வதுதான் மீட்பவர்களுக்கு உதவும். கரையை ஒட்டியே கிரீன்பெல்ட் நடைபாதை செல்வதால் அவர்களும் விரைவில் வந்துவிட முடியும்.

இத்தனைக்கும் பிறகு பயணம் என்னவோ மிக எளிதாகத்தான் இருந்தது. வழியில் மூன்று இடங்களில் சிறு தடுப்பணைகளைத் தாண்டி நீர் சரிந்து இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் முன்பே எல்லோரும் படகின் விளிம்பிலிருந்து அதன் அடித்தளத்துக்கு இறங்கி அமர்ந்து, முன்பக்கத்தை நேராக வைத்துக்கொண்டோம். முதல் சரிவில் முகத்தில் அடித்த தண்ணீருக்கு மாமியார் "ஐயாறப்பா!" என்று கூவியதும், பக்கத்துப் படகிலிருந்த கல்லூரி மாணவர்கள் கைதட்டினார்கள். மற்ற நேரமெல்லாம் இரு பக்கமும் மரநிழல். நீல நாரை ஒன்று மணல்திட்டில் அசையாமல் நின்று, எங்களைக் கண்டுகொள்ளாமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியிலுள்ள கூழாங்கற்கள் நாம் நகர்வதற்கு எதிர்த்திசையில் ஓடுவதைப் பிள்ளைகள் குனிந்து பார்த்தபடியே வந்தார்கள். பிராட்வே பாலத்தைத் தாண்டியதும் இடது கரையில் பாய்சி மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கம் தெரியும். அதன் ஆடுகளம் நீல நிறம் என்று சொன்னேன். படகிலிருந்து அது தெரியாது என்பதால் மாமனார் நம்பவில்லை. பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பது தடை செய்யப்பட்டது என்பதையும், தடையைப் பொருட்படுத்தாத இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனோம்.

கரையேறும் இடம் இடது பக்கம். கேபிடல் புலிவார்டைத் தாண்டியதுமே இரண்டு படகுகளையும் இடது ஓரமாக நகர்த்தத் தொடங்கினோம், ஏனென்றால் ஆன் மாரிசன் பூங்காவைத் தவறவிட்டுக் கீழே போனால், கயாக் ஓட்டுபவர்களுக்காக அலைகளை உண்டாக்கி வைத்திருக்கும் வெண்ணுரை நீர்ப் பூங்கா வருகிறது. ரப்பர் படகில் முதியவர்களோடு போகக் கூடாத இடம் அது. கடைசிக் கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் ஒரு மயக்கமான சோம்பல் வந்துவிடும் என்பதால், கரையைக் கவனிக்கும் வேலையை என் மூத்த மகளிடம் ஒப்படைத்திருந்தேன். அவள் வெகு முன்னதாகவே கத்தத் தொடங்கிவிட்டாள்.

வாடகைப் படகை ஒப்படைத்தாயிற்று. நண்பரின் படகு பத்தடிக்கு மேல் நீளம் என்பதால், அதற்கு ஐடஹோவின் அயல் உயிரினத் தடுப்பு வில்லையை முன்கூட்டியே வாங்கி ஒட்டியிருந்தார். பத்தடிக்குக் குறைந்த காற்றுப் படகுகளுக்கு அது தேவையில்லை. 2023 செப்டம்பரில் ஸ்நேக் ஆற்றில் ட்வின் ஃபால்ஸ் அருகே குவாகா சிப்பியின் குஞ்சுகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, படகுகளில் ஒட்டி ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அவை பரவாமலிருக்க இங்கே கடும் கவனம் எடுத்துக்கொள்கிறார்கள். படகைக் கழுவி, மடிப்புகளுக்குள் தேங்கிய நீரை வடித்து, அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் போட்டு, தையல் ஓரங்களும் காற்றடைக்கும் வாயும் ஈரமின்றிக் காய்ந்த பிறகே சுருட்டி வைத்தோம்.