பணப்பை இருந்த கை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மண்டியிலோ வட்டிக்கடையிலோ கூட இருந்தவனே காலை வாரிவிட்டால், "யூதாஸ் வேலை பார்த்துட்டான்" என்பதுண்டு. இயேசுவை 30 வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த சீடன்தான் யூதாஸ். சொல்பவர் பைபிளைப் புரட்டியிருக்க வேண்டியதில்லை. நகரத்தாரின் பிள்ளையார் நோன்புக்குத் தவறாமல் இழை எடுத்துக்கொள்பவராகவும் இருக்கலாம்.

ஆள்பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டதா என்று அறிய, பின்னால் 'வேலை' சேர்த்துப் பார்த்தால் போதும். நாரதர் வேலை, சகுனி வேலை, எட்டப்பன் வேலை எல்லாம் நிற்கின்றன. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. கோள் மூட்டினால் நாரதர். உறவாடிக் கெடுத்தால் சகுனி. எதிரிக்கு வழிகாட்டினால் எட்டப்பன். ஒரே பந்தியில் கை நனைத்து, காசும் வாங்கி, முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தால்தான் யூதாஸ். 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம்' என்ற பேச்சு நம்மிடம் இருந்ததால், இந்தப் பெயர் சிரமமில்லாமல் உள்ளே வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

யூதா அக்காலத்தில் சாதாரணப் பெயர். லூக்கா தரும் பன்னிரு சீடர் பட்டியலிலேயே இரண்டு பேருக்கு அது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் காட்டிக்கொடுத்த இவனைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். துரோகக் குறிப்பும் ஒவ்வொரு முறையும் பெயரோடு ஒட்டியே வருகிறது. கேட்டுக் கேட்டு, குறிப்பு உதிர்ந்த பிறகும் பொருள் பெயரிலேயே தங்கிவிட்டது. மற்றவரை 'யூதா' என்றும் இவனை 'யூதாஸ்காரியோத்து' என்றும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பிரித்தே எழுதுகிறது. ஆங்கிலத்தில் ஜூட், ஜூடாஸ். யூதர் என்ற இனப்பெயருக்கும் வேர் இதுவே. அதனால் ஒருவன் மேல் விழுந்த பழியை ஐரோப்பாவில் ஓர் இனமே சுமந்தது.

பழிப்பெயர் எப்போதும் கணக்குப் பார்த்து விழுவதில்லை. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் நம் பக்கத்துப் புதுக்கோட்டைத் தொண்டைமான். வசைச்சொல்லாக நிலைத்ததோ எட்டயபுரத்துப் பரம்பரைப் பட்டம்.

கணக்கு மேசையில் இருப்பவர்களுக்கு யோவான் சொல்லும் ஒரு விவரம் முக்கியம்: சீடர்களின் பணப்பை யூதாஸிடம்தான் இருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடைக் கிட்டங்கி நடத்திய முதலாளி ஊரில் இருப்பார். மூன்று வருஷக் கெடுவுக்குப் போன ஏஜெண்டு அங்கே பெட்டியைத் திறந்து மூடுவார். பூட்டை உடைத்தவனை யாரும் யூதாஸ் என்பதில்லை. சாவி கொடுக்கப்பட்டவனைத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

குறையை முதலாளியிடம் சொன்னவனுக்கே இந்தப் பெயரைச் சூட்டுவது இன்று அதிகம். அது பிழை. அதைவிடப் பெரிய பிழை, தாள் கட்டாத, அதாவது வரவும் பற்றும் நேராகாத அன்றே பெட்டியடியில் இருப்பவனைப் பார்த்து அதைச் சொல்வது. முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 1,720ஐ 1,270 என்று எழுதினால் 450 உதைக்கும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அதில் சிக்காவிட்டால் பாதித் தொகையைத் தேட வேண்டும்: 225 ரூபாய் வரவு, பற்றுப் பக்கம் ஏறியிருந்தாலும் அதே 450தான் இடிக்கும். பிறகு கைமாற்றுச் சீட்டுகள். இவ்வளவும் பார்த்த பிறகு ஆளைப் பார்க்கலாம்.

அந்த 30 வெள்ளிக்காசுக்கும் கணக்குச் சிக்கல் வந்தது. மோசேயின் சட்டத்தில், மாடு முட்டி அடிமை செத்தால் அவன் எஜமானுக்குத் தர வேண்டிய ஈடும் 30 வெள்ளிதான். மனம் கசந்து யூதாஸ் காசை ஆலயத்தில் எறிந்துவிட்டுப் போனான். இரத்தக்கிரயம், காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது என்றார்கள் ஆசாரியர்கள். கடைசியில் குயவனுடைய நிலத்தை வாங்கி, அந்நியரைப் புதைக்க ஒதுக்கி, அந்தத் தொகையை நேர் செய்தார்கள்.