மலடாக வேண்டிய மகன்கள்

முதுநிலை ஆய்வேட்டுக்காக, மொரீசியஸ், ரொட்ரிக்ஸ் தீவுகளுக்கே உரிய துரோசோஃபிலா மௌரிட்டியானா என்னும் பழ ஈயை, உலகெங்கும் பரவியுள்ள அதன் உறவினமான சிமுலன்ஸுடன் நான் கலப்புச் செய்ய வேண்டியிருந்தது. 1974இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட இந்த ஈ, இனங்கள் பிரியும் விதத்தை ஆராய்வோருக்கு நன்கு அறிமுகமானது. எங்கள் வீட்டிலோ அம்மா துணியால் விரட்டும் ஈ, அவ்வளவுதான்.

பிடிப்பது எளிது. தைப்பூசக் காவடிக்கு வாங்கி மிஞ்சிய வாழைப்பழங்களில் ஈஸ்ட் தூவி, புட்டியில் இட்டு மரநிழலில் தொங்கவிட்டேன். பெண் ஈக்களை இனம் பிரிப்பது அரிது என்பதால், ஒவ்வொன்றையும் தனிக்குழாயில் முட்டையிட விட்டு, பிறந்த ஆண்களின் இனப்பெருக்க உறுப்பிலுள்ள மடலை நுண்ணோக்கியில் பார்த்தேன். சிமுலன்ஸில் அது அகன்ற சிப்பி போலவும், மௌரிட்டியானாவில் ஒடுங்கிய விரல் போலவும் இருக்கும்.

என்னை வதைத்தது புணராத பெண் ஈக்களைச் சேர்ப்பதுதான். 25 டிகிரியில், கூட்டிலிருந்து வெளிவந்த ஏறத்தாழ 8 மணி நேரத்துக்குள் பெண்ணைப் பிரிக்காவிட்டால் அது தன் இனத்து ஆணுடன் இணைந்துவிடும்; சேமித்த விந்தைக் கொண்டே நாட்கணக்கில் முட்டையிடும். நானோ மாலை 6 மணிக்குக் குழாய்களைக் காலிசெய்துவிட்டு ரோஸ் ஹில்லுக்குப் பேருந்து ஏறி, மறுநாள் காலை 8 மணிக்குத்தான் திரும்பினேன்.

அவ்வாறு சேர்த்த சிமுலன்ஸ் பெண்களை மௌரிட்டியானா ஆண்களுடன் விட்டேன். கலப்பில் ஒரு பால் மட்டும் மலடானால் அது பெரும்பாலும் இருவேறு பால் நிறப்புரிகளை, அதாவது பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களை, கொண்ட பாலாகவே இருக்கும் என்பது 1922இல் உயிரியலாளர் ஹால்டேன் கூறிய விதி. ஈக்களில் அது ஆண். என் ஆண்களிடமோ விந்தணுக்கள் துள்ளின! விதியையே கவிழ்த்துவிட்டதாக எண்ணி ஓரிரவு தூங்காமல் கிடந்தேன். மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றுதான்: அந்த ஆண்களின் மடல் எப்படி இருக்கிறது? பார்த்தேன். அசல் சிப்பி, அவை கலப்பே இல்லை.

அதன்பின் இரவில் குழாய்களை 18 டிகிரியில் வைத்தேன். அக்குளிரில் கால எல்லை ஏறத்தாழ 16 மணி நேரமாக நீளும். இம்முறை பிறந்த ஆண்களின் மடல் சிப்பியாகவும் இல்லை, விரலாகவும் இல்லை. விந்தகத்தைப் பிளந்தால் நீந்தும் அணு ஒன்றுகூட இல்லை. அவற்றின் சகோதரிகளை மௌரிட்டியானா ஆண்களுடன் விட்ட குழாய்களிலோ, சில நாட்களில் புழுக்கள் தீனியைக் குடைந்து நெளிந்தன.