ஈபப்புக்குள் ஒரே ஒரு சொல் மாற்ற

மார்ச் 3

கைவசமுள்ள தமிழ் மின்னூல்களில் பாதி தங்களை ஆங்கில நூல் என்றே சொல்லிக்கொள்கின்றன. ஈபப் என்ற மின்னூல் வடிவம் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே நூலின் விவரங்களைச் சொல்லும் ஓபிஎஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதன் 'டிசி:லாங்குவேஜ்' உறுப்பில் தமிழுக்கான 'டிஏ' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்துக்கான 'இஎன்' உட்கார்ந்திருக்கிறது. வாசித்துக்காட்டும் செயலி அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்தால், கேட்பவர் பாடு திண்டாட்டம்.

தேடி மாற்றும் கட்டளையால் ஒரே தட்டில் முடிக்கலாம் என்றான் தம்பி. 'இஎன்' வேறு இடங்களிலும் வரும். சில கோப்புகளில் குறிச்சொல்லுக்குள் ஐடியும் ஒட்டியிருக்கிறது. பைத்தானில் முறையாகச் செய்வதே நல்லது.

மார்ச் 4

ஓபிஎஃப் எங்கே என்று ஊகிக்கத் தேவையில்லை. மெட்டா-இன்ஃப் அடைவிலுள்ள 'கன்டெய்னர்' கோப்பே பாதையைச் சொல்லிவிடும்.

பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் நூலகமான எலிமென்ட்ட்ரீயில் வெறும் 'லாங்குவேஜ்' என்று தேடினால் 'நன்' (ஒன்றுமில்லை) தான் வரும். உறுப்பின் முழுப்பெயர், அது எந்தப் பெயர்த் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் நேம்ஸ்பேஸ் முகவரியோடு சேர்ந்தது; அதை நெளிவு அடைப்புக்குள் கொடுக்க வேண்டும். பைத்தான் 3.8 முதல் முகவரிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டாலும் கிடைக்கும். கிடைத்ததா என்று பார்க்க 'இஃப் உறுப்பு' என்று எழுதக் கூடாது. பிள்ளை உறுப்பு இல்லாதது பொய்யாகக் கணக்காகும். லாங்குவேஜுக்குள் வெறும் எழுத்துதானே! 'நன் அல்ல' என்றே கேட்க வேண்டும்.

மார்ச் 6

மாற்றுவது ஒரு வரி: டெக்ஸ்ட் சமம் 'டிஏ'. சேமித்தபின் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு டிஃப் பார்த்தால் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையும்.

நூல் தலைப்பு எண்களாகிவிட்டது. 'த' இருந்த இடத்தில் 2980. எலிமென்ட்ட்ரீ இயல்பாகத் தமிழெழுத்து இல்லாத ஆஸ்கி குறியாக்கத்தில் எழுதும். யூடிஎஃப்-8 என்று நாம்தான் சொல்ல வேண்டும். குறிப்புரைகள் காணாமல் போயின. 'பேக்கேஜ்' உறுப்பு 'என்எஸ்0:பேக்கேஜ்' ஆயிற்று. 'டிசி' மட்டும் அப்படியே இருந்தது, அந்த முன்னொட்டு நூலகத்துக்கு முன்பே தெரியும் என்பதால்.

என்எஸ்0 போக, ஓபிஎஃப் முகவரிக்கு வெற்று முன்னொட்டைப் பதிவு செய்யச் சொல்வார்கள். பார்வைக்குச் சுத்தமாகிவிடும். ஆனால் ஈபப் 2 கோப்புகளில் ஆசிரியர் பெயரோடு 'ஓபிஎஃப்:ரோல்' என்ற பண்பு வரும். பதிவு செய்தபின் அது வெறும் 'ரோல்' ஆகிறது. இயல்புநிலை நேம்ஸ்பேஸ் உறுப்புகளுக்குச் செல்லும், பண்புகளுக்குச் செல்லாது. ஆகவே இது வேறு பண்பு. பிழைச் செய்தி ஒன்றும் வராது. எனக்கு இதுதான் எரிச்சல்: கத்தி அழும் பிழையைச் சமாளிக்கலாம், இப்படிச் சத்தமில்லாமல் பொருளை மாற்றுவதை என்ன செய்வது?

மார்ச் 7

எல்எக்ஸ்எம்எல் என்ற வேறொரு பைத்தான் நூலகத்துக்கு மாறியாயிற்று. முன்னொட்டுகள், குறிப்புரைகள், 'ஓபிஎஃப்:ரோல்' எல்லாம் அப்படியே. உறுப்புகளைத் தேடும் எக்ஸ்பாத்தில் வெற்று முன்னொட்டை ஏற்காது. ஏதாவது ஒரு பெயர் வைக்க வேண்டும். யூடிஎஃப்-8 இங்கேயும் சொல்லியாக வேண்டும். டிஃபில் மாறியிருப்பது மொழி வரி, கூடவே முதல் வரி: எக்ஸ்எம்எல் அறிவிப்பின் இரட்டை மேற்கோள் ஒற்றையாகிவிடுகிறது. போகட்டும்.

மார்ச் 9

ஜிப்புக்குள் ஒரு கோப்பை மட்டும் பைத்தானால் மாற்றி வைக்க முடியாது. அதே பெயரில் இரண்டாவது சேரும். புதுப் பொட்டலம் கட்டி, இது ஈபப் என்று அறிவிக்கும் 'மைம்டைப்' கோப்பை முதலாவதாக, சுருக்காமல் வைத்தேன். ஈபப் 3 என்றால் கடைசியாகத் திருத்திய 'மாடிஃபைட்' நேரத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஈபப் கோப்புகளைச் சோதிக்கும் ஈபப்செக் குறை எதுவும் சொல்லவில்லை.

லாங்குவேஜ் உறுப்பே இல்லாத சில கோப்புகள் பாக்கி. அங்கே திருத்த ஒன்றுமில்லை, புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்குத் தனி நிரல்.