ஒடிந்த கண்ணாடியும் ஜிஜோவின் இரண்டு படங்களும்

திரையரங்குக்காக இரண்டு படங்களை இயக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதக் காரணம் நம் இயற்பியல் சார்தான். 1984-85-ல் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: "மக்களே, புத்தகத்தை மூடுங்கள்" என்று சொல்லித்தான் பாடத்தையே தொடங்குவார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வெளியானது. இந்தியாவின் முதல் 3டி படம். இயக்கியவர் ஜிஜோ புன்னூஸ். தயாரித்தவர் அவருடைய அப்பா, நவோதயா அப்பச்சன். விளவங்கோட்டுக்காரர்களான நமக்கு மலையாளப் படம் அயலூர்ச் சரக்கு அல்ல. 1956 நவம்பர் 1 அன்று நம் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்து எல்லை மாறியது. படம் பார்க்கிற பழக்கம் மாறவில்லை. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் தம் கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்தில்தான் கழித்தார். தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லி அவருக்குக் கேரளத்தில் உதவித்தொகை மறுத்தார்கள். 1975-ல் மறைந்தார். இப்போது அவர் பெயரில்தான் அங்கே உயரிய திரைப்பட விருது வழங்குகிறார்கள். சொல்ல வந்தது இதுவல்ல. ஆனாலும் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு சனிக்கிழமை களியக்காவிளையிலிருந்து கேரள அரசு பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் போனோம். வாசலில் கண்ணாடி கொடுத்தார்கள். படம் முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கண்ணாடியால் மெட்ராஸ் ஐ பரவுகிறது என்ற வதந்தி பலமாக இருந்த நேரம். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்துதான் தருகிறோம் என்று பெரிய நடிகர்களையே திரையில் தோன்றிச் சொல்ல வைத்திருந்தார்கள். மந்திரவாதியிடம் அடிமைப்பட்டுக் கிடந்த குட்டிச்சாத்தானை மூன்று பிள்ளைகள் விடுவிக்கிற கதை. இசக்கி கதையும் மாடன் கதையும் வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. ஐஸ்கிரீம் திரையை விட்டு வெளியே நீண்டபோது அரங்கில் கை நீட்டாத பிள்ளை கிடையாது. பிளஸ் டூ படிக்கிற நாங்களும் நீட்டினோம்.

திங்கட்கிழமை சார் வகுப்புக்கு வந்தபோது அவர் கையில் கால் ஒடிந்த 3டி கண்ணாடி ஒன்று இருந்தது. எங்கிருந்து பெற்றார் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அட்டைச் சட்டத்திலிருந்து இரண்டு போலராய்டு தாள்களையும் கத்தரியால் வெட்டி எடுத்தார். ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்தார். லேசாக மங்கிய வெளிச்சம் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்; இருட்டிவிட்டது. தளவிளைவு என்று பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் கிடந்த விஷயம் அதுதான்: ஒவ்வொரு தாளும் ஒரு தளத்தில் அதிர்கிற ஒளியை மட்டுமே விடும். இடது கண்ணுக்கான படத்தின் ஒளி ஒரு தளத்தில் அதிர்கிறது, வலது கண்ணுக்கான படத்தின் ஒளி அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிர்கிறது. கண்ணாடி அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைப் பார்ப்பதால் மூளை அவற்றை ஆழமுள்ள ஒரே காட்சியாகச் சேர்த்துக்கொள்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தவனுக்குப் படம் இரட்டையாகத் தெரிந்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பிறகு மூன்றாவது துண்டு ஒன்றை வெட்டினார். இருட்டிக் கிடந்த இரண்டு தாள்களுக்கும் நடுவே அதைச் சாய்வாகச் செருகினார். வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு தடை இருக்கும் இடத்தில் மூன்றாவது தடையை வைத்தால் வழி திறக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? வகுப்பு முழுவதும் மேசையைச் சுற்றி நின்றுவிட்டது. நடுத்தாள் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிடுகிறது என்று அவர் கரும்பலகையில் போட்ட கோட்டுப்படம் இன்றும் எனக்கு மனப்பாடம்.

அதோடு விடவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் ஒன்றையும் வெள்ளைக் காகிதம் ஒன்றையும் சுவரில் ஒட்டினார். டார்ச் விளக்கின் முன்னால் ஒரு போலராய்டு துண்டைக் கட்டி, இன்னொரு துண்டின் வழியாகப் பார்த்தபடியே அதைச் சுழற்றச் சொன்னார். வெள்ளித்தாளில் விழுந்த ஒளி ஓரிடத்தில் அணைந்துபோனது. வெள்ளைக் காகிதத்தில் எவ்வளவு சுழற்றினாலும் அணையவில்லை. காகிதம் ஒளியின் ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. இந்தப் படத்தைப் போட நினைத்த கொட்டகைக்காரர் புதிதாக வெள்ளிப்பூச்சுள்ள திரை கட்ட வேண்டியிருந்ததும், கண்ட கொட்டகையிலெல்லாம் படம் ஓடாததும் அதனால்தான்.

அறை முழுவதும் சுற்றி வரும் காட்சியையும் பேசினோம். பிள்ளைகள் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து இறங்குவார்கள். அந்த அறையே ஒரு பெரிய சட்டத்துக்குள் உருண்டது. கேமராவையும் அறையோடு சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். அறையோடு கேமராவும் சுழல்வதால் பார்ப்பவருக்கு அறை அசையாமல் நிற்கிறது, மனிதர்கள்தான் சுவரேறுகிறார்கள். ஹாலிவுட்டில் 1951-லேயே நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டெயர் இப்படிக் கூரையில் ஆடியிருக்கிறார். ஆனால் இங்கே ஆடியவர்கள் குழந்தைகள். அந்தச் சுழலும் அறையைக் கலை இயக்குநர் கே. சேகர் வடிவமைத்தார், ஒளிப்பதிவு அசோக்குமார், இசை நம் இளையராஜா. படத்தின் சிறந்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் வியப்புக் குறையாத காட்சி அது.

ஜிஜோவின் தொழில் வாழ்க்கையைச் சுருங்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நவோதயா 1978-ல் 'தச்சோளி அம்பு' மூலம் மலையாளத்துக்கு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. 1982-ல் ஜிஜோவே 'படயோட்டம்' இயக்கி 70 எம்.எம். கொண்டுவந்தார். இரண்டே ஆண்டுகளில் 3டி. ஒவ்வொரு முறையும் முதலில் நுட்பத்தைக் கற்றார், பிறகுதான் படம். 3டிக்காக அமெரிக்காவுக்கே போய் விசாரித்து, லென்ஸோடு திரும்பினார். ஆண்டுக்கு மூன்று படம் இயக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் எனக்கு மறந்துபோயிற்று. இவர் பெயர் மறக்கவில்லை.

பின்னாளில் அதே படம் 'சோட்டா சேத்தன்' என்று இந்தியிலும், புதிய காட்சிகளோடு 'சுட்டிச் சாத்தான்' என்று தமிழிலும் வந்தது. சேர்த்த காட்சிகள் ஒட்டவில்லை என்பது என் கருத்து. அப்பச்சன் 1995-ல் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தா பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தார். நவோதயாவின் படத்தில் அறிமுகமான மோகன்லால், ஜிஜோவின் கதையை வைத்துத் தம் முதல் படமாக 'பரோஸ்' இயக்கி, 2024 டிசம்பரில் அதையும் 3டியிலேயே வெளியிட்டார். நாற்பது ஆண்டு கழித்தும் அந்த மனிதரின் கற்பனை ஆழத்தைத் தேடியே போயிருக்கிறது.

நான் இங்கே வளைகுடாவில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறேன். பாலைவன வெயிலுக்குப் போலராய்டு கண்ணாடி கேட்டு வருபவர்கள் ஏராளம். அசல்தானா என்று சந்தேகப்படுபவரிடம் விளக்கம் சொல்வதில்லை. லென்ஸை, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை விடும் கணினித் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புவேன். திரை கறுத்ததும் வாடிக்கையாளர் பணப்பையை எடுப்பார். சார் சொல்லிக்கொடுத்ததில் மாதச் சம்பளத்துக்கு நேரடியாக உதவியது இந்த ஒன்றுதான் என்று அவரிடமே ஒருமுறை சொன்னேன். "மற்றதெல்லாம் வீணா மக்களே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இந்த ஆண்டு சங்கம் பள்ளிக் கணினி அறைக்கு நிதி திரட்டுகிறது. அதில் என் பங்கைச் செலுத்திவிட்டேன். ஆய்வகத்துக்குத் தனியாகப் பெரிய அளவு போலராய்டு தாள்கள் சிலவும் நல்ல டார்ச் விளக்குகளும் வாங்கி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் போகிறவர்களில் யாருடைய பெட்டியிலாவது இடம் இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். எடை அதிகம் இல்லை. தாள்களை மட்டும் மடிக்காமல் கொண்டுபோக வேண்டும்.