எடைமேடைக்கு முன்னால்: பாடனில் கூட்டுறவுக்குத் திராட்சை கொடுப்பது

ஜெர்மனியின் பாடன் பகுதியில், கைசர்ஷ்டூல் சரிவுகளில் கால் ஹெக்டேர், அரை ஹெக்டேர் தோட்டம் வைத்திருப்பவருக்குச் சொந்தமாகப் பிழிபொறியும் தொட்டியும் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதனால் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகிப் பழத்தைக் கொடுக்கிறோம். பொதுவாக விளைச்சல் முழுவதையும் கொடுத்தாக வேண்டும். நல்லதை வெளியே விற்றுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவர முடியாது. ஒயின் தயாரிக்கும் வசதி இல்லாத ஊர்ச் சங்கங்கள், 1952-இல் தொடங்கப்பட்ட பிரைசாக் மத்தியக் கூட்டுறவு போன்ற பெரிய இடங்களுக்குப் பழத்தை அனுப்புகின்றன.

நம் வருமானம் முடிவாவது எடைமேடையில்தான். டிரெய்லர் எடை போட்டதும் சாற்று மாதிரி எடுத்து, அதன் இனிப்பைக் காட்டும் எக்ஸ்லெ அளவு பார்ப்பார்கள். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கூடுதல் எடையோ, அதுவே எக்ஸ்லெ. 80 என்றால் 1,080 கிராம். நொதித்தால் சுமார் 10.5 சதவீத ஆல்கஹால். ரகம், எடை, எக்ஸ்லெ மூன்றையும் வைத்து விலை போடுவார்கள்.

வீட்டில் ரிஃப்ராக்டோமீட்டரில் (சாற்றுத் துளியின் இனிப்பை அளக்கும் கைக்கருவி) 85 காட்டியது இங்கே 79 ஆகிவிட்டதென்று பலர் சண்டைக்குப் போவார்கள். பெரும்பாலும் கருவியில் குறையிருக்காது. கைக்கெட்டிய, வெயில் பட்ட பழத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். வரிசையின் இருபக்கமும், குலையின் மேலும் கீழுமாக நூறு பழம் பறித்துப் பிழிந்து, வடிகட்டிப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் பறித்தாலும் அளவு இறங்கும்.

அழுகலைத் தோட்டத்திலேயே வெட்டி எறியுங்கள். வினிகர் வாசம் வரும் குலை ஒன்றைக்கூட வாளியில் போடாதீர்கள். பலருடைய பழம் ஒரே தொட்டியில் சேர்கிறது. ஒருவர் கொண்டுவரும் அழுகல் எல்லாருடைய ஒயினையும் கெடுக்கும். பூஞ்சை பிடித்த சிவப்புத் திராட்சையின் நிறம் பழுப்பாகிவிடும், அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. செப்டம்பர் வெயிலில் டிரெய்லரின் அடியில் தேங்கும் சாறு தானே நொதிக்கத் தொடங்கும். ஆகவே காலையில் பறித்து, சங்கம் சொன்ன நேரத்துக்குப் போய்விடுவது நல்லது. கத்தரிக்கோல்களை எண்ணிவிட்டுப் புறப்படுங்கள். பழத்தோடு ஒன்று உள்ளே விழுந்தால் பழத்தைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுக் கடத்தி உடைந்து, பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் காத்துக் கிடக்கும்.

பாடனில் ஹெக்டேருக்கு 9,000 லிட்டர் ஒயின்தான் உச்சவரம்பு. நூறு கிலோ பழம் ஏறத்தாழ 75 முதல் 80 லிட்டர் தரும் என்பதால், கால் ஹெக்டேரில் மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாக வரும்படி கோடையிலேயே குலைகளைக் குறைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் எக்ஸ்லெயும் ஏறும்.

அதன் பிறகு எல்லாம் சங்கத்தின் கையில். வெள்ளை ஒயினுக்கு மென்மையாகப் பிழிந்து, சாற்றைத் தெளியவைத்து, நூறு லிட்டருக்குச் சுமார் 20 கிராம் ஈஸ்ட் சேர்த்து, 15 முதல் 18 டிகிரியில் நொதிக்க விடுவார்கள். காபினெட் என்ற ஜெர்மன் ஒயின் தரத்திலும் அதற்கு மேலான தரங்களிலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது. அவற்றுக்குத் தோட்டத்தில் வந்த இனிப்புதான்.

பணம் தவணை தவணையாக வரும், கடைசித் தவணை அடுத்த அறுவடைக்குப் பிறகும் இழுக்கலாம். கவாத்து, மருந்துத் தெளிப்புச் செலவுக்கு முன்கூட்டியே தனியாக ஒதுக்கி வையுங்கள்.