காலி டம்ளர்

ஜனவரி 4, 2025, சனி

டெபியன் 12 என்ற லினக்ஸில் இருப்பது எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பின் 4.18 பதிப்பு. போன டிசம்பர் 15-இல் 4.20 வந்துவிட்டது. பொறுமை இல்லை, மூலநிரலிலிருந்தே கட்டிப் பார்க்கலாம் என்று பழைய லேப்டாப்பை எடுத்தேன்.

பல பகுதிகளாகக் கட்டவேண்டும், வரிசை மாறினால் எதுவும் நகராது. முதலில் லிப்எக்ஸ்எஃப்சிஈ4யூட்டில், பிறகு எக்ஸ்எஃப்கான்ஃப், அப்புறம் லிப்எக்ஸ்எஃப்சிஈ4யுஐ. பேனலும் (பணிப்பட்டை) தூனாரும் (கோப்பு மேலாளர்) அதற்கெல்லாம் பின்னால்தான். இரண்டாவதிலேயே மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடம் முன்பு நிறுவிய லைப்ரரியையே "காணோம்" என்கிறது, கட்டும் முன் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கான்ஃபிகர். அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் உறைத்தது: நான் நிறுவியது ஆப்ட் (/opt) டைரக்டரிக்குள், லைப்ரரிகளைத் தேடித்தரும் பிகேஜி-கான்ஃபிக் பார்ப்பது வழக்கமான இடங்களில். பாதையை ஒரு வரியில் சொன்னதும் ஓடியது.

ஜனவரி 5, ஞாயிறு

பேனல் முடிந்தது. ஜிடிகே லேயர் ஷெல் என்ற லைப்ரரி இருந்தால் புதிய திரை அமைப்பான வேலேண்டிலும் ஓடுமாம். எனக்குப் பழைய எக்ஸ்11 போதும், விட்டுவிட்டேன். ராத்திரிக்குள் டெஸ்க்டாப்பே வந்துவிட்டது!

ஜனவரி 8, புதன்

"ஏண்டா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, இதுல எது கரண்ட் பில்?" என்றார் அம்மா. பார்த்தால் பிடிஎஃப் ஒன்றுக்கும் முன்னோட்டப் படம் இல்லை. வரிசையாக வெற்று ஐகான்கள்.

படம் போட்டுத் தருவது டம்ளர் என்ற சேவை. (காபி டம்ளர் இல்லை. ஆனால் என்னுடையது காலிதான்.) பிடிஎஃபுக்கு அது பாப்ளர் லைப்ரரியைத் தேடும், வீடியோவுக்கு எஃப்எஃப்எம்பெக் தம்ப்நெயிலரை. இரண்டும் விருப்பச் சார்புகள் (ஆப்ஷனல்). கான்ஃபிகர் எழுதிவைத்த லாகைத் திறந்தேன். பாப்ளருக்கு எதிரே "நோ". ஞாயிற்றுக்கிழமை திரையில் ஓடியதும் இதேதான். நான்தான் படிக்கவில்லை.

பேனல் கட்டும்போது, ஜன்னலும் பொத்தானும் வரையும் ஜிடிகே லைப்ரரி இல்லாவிட்டால் கான்ஃபிகர் கத்திவிட்டு நின்றுவிடும். டம்ளருக்குப் பாப்ளர் இல்லாவிட்டால் சத்தமே போடாமல் அந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கட்டிமுடிக்கும். விருப்பம் என்கிறார்கள், என்னை யார் கேட்டது? அன்றைக்கு இந்தக் கம்ப்யூட்டரில் எது இருந்ததோ அதுவே என் விருப்பமாகிவிட்டது.

பாப்ளரின் டெவ் பொதியை (கட்டுவதற்கான கோப்புகள் உள்ளது) போட்டு டம்ளரை மறுபடி கட்டினேன். கரண்ட் பில் தெரிகிறது.

ஜனவரி 11, சனி

குப்பைத்தொட்டியைக் காணோம். டெலிட் அழுத்தினால் நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்கிறது. இந்த முறை உஷாராக முதலில் லாகைப் பார்த்தேன். தூனாரின் பட்டியலில் அப்படி ஒரு "நோ" இல்லை. காரணம், குப்பைத்தொட்டிக்குத் தேவையான ஜிவிஎஃப்எஸ் என்ற சேவை இல்லாதது. கட்டும்போது அது தேவையே இல்லை, ஓடும்போதுதான் வேண்டும். டெபியனின் தூனார் பொதியில் அது "பரிந்துரை" வகையில் இருப்பதால் பொதிகளை நிறுவும் ஆப்ட்-கெட் (apt-get) தானாகவே கூட்டிவரும். நான் தனியாகக் கட்டியதால் கூட்டிவர ஆளில்லை. ஒரே கட்டளை, லாகவுட், லாகின். தொட்டி வந்தது.

ஜனவரி 13, திங்கள், போகி

பழைய பில்ட் டைரக்டரிகளைத் துடைக்கும் முன் லாக் கோப்புகளை மட்டும் தனியே எடுத்துவைத்தேன். எடுத்த கையோடு "நோ"க்களை எல்லாம் தேடினேன். கலர் அமைப்புக்கான கலர்டி இல்லை, போகட்டும். அடுத்த வரி லிப்எக்ஸ்க்ளேவியர், அதுவும் "நோ". அது இல்லாவிட்டால் விசைப்பலகை அமைப்பில் லேஅவுட் பகுதியே வராது. தமிழ்99 லேஅவுட்டைச் சேர்க்க நான் போகவேண்டியதே அங்கேதான்.

துடைப்பது நாளைக்கு. இப்போது இன்னொரு முறை கட்டவேண்டும், இன்னொரு மேக் (make).